விண்கப்பலில் ஏழு பேர்

எங்கள் செஞ்சியில் அந்த நாளில் டெலிவிஷனைக் கண்ணால் கண்ட ஒரே ஆள் என் மாமாதான். அதையும் கடைக்கு வெளியே நின்று, கண்ணாடி வழியாக, சத்தம் கேட்காமல் பார்த்தவர். ஆனாலும் பார்த்தது பார்த்ததுதானே. அறுபதுகளின் கடைசி அது. எங்கள் தெருவில் ரேடியோவே இரண்டு வீட்டில்தான் இருந்தது.

மாமா அம்மாவின் தம்பி. சரக்குக் கப்பலில் சமையல் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவார். வரும்போது தகர டப்பா நிறைய மிட்டாயும் தலை நிறையப் பொய்யும் கொண்டுவருகிறான் என்று நைனா சொல்வார். மிட்டாய் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். மற்றது அவர் திரும்பக் கப்பலேறும்வரை தீராது.

அந்தத் தடவை அவர் வந்தபோது எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஐந்து. அடுப்படியில் அம்மா விதைக்கு வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, உரித்துக்கொண்டிருந்தாள். நாங்களும் உரிக்கிற சாக்கில் தின்றுகொண்டிருந்தோம். மாமா கதையை எடுத்தார். ஏதோ தூரதேசத்துத் துறைமுகம். அங்கே கடைக் கண்ணாடிக்குள் ஒரு பெட்டி, பெட்டிக்குள் படம், படத்தில் ஒரு கப்பல். தண்ணீரில் போகிற கப்பல் இல்லையாம். நட்சத்திரங்களுக்கு நடுவில் போகிறதாம்.

“ஏழு பேரு அதுல. பூமிய வுட்டுக் கெளம்பி வருசக்கணக்கா ஆச்சி. ஒரு எடத்துல எறங்கறாங்க. பாத்தா இன்னா, நம்ம செஞ்சி மலையாட்டம் ஒரே பாறை. மனுசன் ஒருத்தன் கெடையாது. ஆனா கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி இருக்குது. அது ஒருத்தன் மேல ஒட்டிக்கினு கப்பலுக்குள்ள வந்துடுச்சி.”

மறுநாள் அவன் முகமெல்லாம் கொப்புளம். அதற்கு மறுநாள் இன்னொருவனுக்கு. கப்பலில் இருந்த டாக்டர் சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்து ஓர் ஊசி மருந்தைக் கண்டுபிடிக்கிறார். எல்லோரும் போட்டுக்கொண்டால்தான் ஊர் திரும்பலாம். ஆனால் இருப்பவர்களிலேயே பெரிய ஆள், பலசாலி, ‘எங்க பரம்பரைக்கு ஊசி ஆவாது’ என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். அவனைப் பார்த்து மற்றவர்களும் தயங்குகிறார்கள். அப்போது அந்த ஏழு பேரில் சின்னவள், என் வயசுப் பெண் ஒருத்தி, எழுந்து வந்து முதல் ஆளாகக் கையை நீட்டுகிறாள்.

“சத்தமே கேக்கலன்னியே மாமா. அவங்க பேசனது உனக்கு எப்பிடித் தெரிஞ்சிது?” என்றேன்.

“மூஞ்சப் பாத்தா தெரியாதா?” என்று சொல்லிவிட்டு மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா தலை நிமிரவில்லை. இன்னும் கொஞ்சம் மல்லாட்டை கேட்கிறார் போலிருக்கிறது என்று நான் ஒரு கை அள்ளி அவர் பக்கம் தள்ளினேன்.

தம்பிக்கு ஒரே கவலைதான். “அந்தப் பெரிய ஆளு ஊசி போட்டுக்கினானா?”

“அதுக்குள்ள எங்க கப்பல்ல சங்கு ஊதிட்டாங்க. ஓடியாந்துட்டேன்.”

தம்பி அழுதே விட்டான். எத்தனையோ பொய் சொல்கிற மனிதர், கேட்கிற பிள்ளைக்காக ஒரு முடிவைச் சொல்லக் கூடாதா என்று எனக்கும் ஆத்திரமாக வந்தது.

மறுநாளே எங்களுக்கு ஒரு விண்கப்பல் கிடைத்துவிட்டது. கோட்டைக்குள் கல்யாண மகால் இருக்கிறதே, மாடிமேல் மாடியாக, உச்சியில் கூம்பு வைத்து நிற்கிறதே, அதுதான். பள்ளிக்கூடம் விட்டதும் தெருப் பிள்ளைகள் ஏழு பேராகக் கணக்காகச் சேர்ந்து, குறுகலான படிகளில் ஏறி உச்சி அறைக்குப் போய்விடுவோம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சுற்றிலும் உருண்டு கிடக்கும் பாறை. நாங்கள் பூமியை விட்டு வெகுதூரம் வந்துவிட்டதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கையை நீட்டுகிற பெண் நான்தான். பெரிய ஆளாக, பக்கத்துத் தெருவில் இருந்து வருகிற ஒரு பையன். என்னைவிட ஒரு வயது மூத்தவன். கையைக் கட்டிக்கொண்டு அவன் நிற்கிற அழகுக்காகவே அந்த வேஷத்தை அவனுக்குக் கொடுத்திருந்தோம்.

பத்து நாள் ஆடியிருப்போம். ஒருநாள் அவன் வரவில்லை. அவன் வீட்டு வாசலில் வேப்பிலை சொருகியிருந்தார்கள். ஆத்தா வந்திருக்கிறாள், உள்ளே போகக் கூடாது என்றாள் அம்மா. சொல்லும்போது அவள் குரல் வழக்கம்போல இல்லை. எனக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஆத்தா வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். வீட்டில் அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

அந்த அக்கா போன பிறகு நைனா மாரியம்மன் கோயிலில் ஒரு வேண்டுதல் வைத்திருந்தார். இருக்கிற பிள்ளைகளை ஆத்தாவே பார்த்துக்கொள்ள வேண்டும், அவளை மீறி இந்த வீட்டில் யார் உடம்பிலும் ஊசி படாது என்று. ஊசி போட்டால் அவளை நம்பவில்லை என்றுதானே அர்த்தம் என்பார். நைனா கோபக்காரர் இல்லை. மண்டியில் நாளெல்லாம் மல்லாட்டை மூட்டை தூக்கிவிட்டு வந்து, தம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு சக்கரைக்குளம்வரை நடப்பவர். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவரை யாராலும் அசைக்க முடியாது.

அம்மை குத்துகிறவர்கள் ஊருக்கு வந்தால் பிள்ளைகளைக் கோட்டைக்கு ஓட்டிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவர்கள் போன பிறகு பசியோடு இறங்கி வருவோம். போன வருஷம் கோட்டைக் களஞ்சியத்துக்குள் ஒளிந்திருந்தவர்கள் வௌவால் நாற்றம் தாங்காமல் தும்மித் தொலைத்து, கூண்டோடு மாட்டிக்கொண்டார்கள். அதனால் இந்த வருஷம் நைனா வேறு வழி செய்தார். அவர்கள் வருகிற அன்று காலையில் எங்களை உள்ளே வைத்து, வாசல் கதவை வெளியில் பூட்டி, சாவியை மடியில் சொருகிக்கொண்டு மண்டிக்குப் போவது. பூட்டிய வீட்டை யாரும் தட்ட மாட்டார்கள்.

அதற்கு முதல் நாள் சாயந்திரமே நான் முடிவு செய்துவிட்டேன். நானும் தம்பியும் போய் ஊசி போட்டுக்கொள்ளப் போகிறோம். கப்பலில் ஒருவனுக்குக் கொப்புளம் வந்துவிட்டது. அடுத்து யார் என்பது தெரியாது. கையை நீட்டுகிற வேஷத்தைக் கட்டிக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்தால் அப்புறம் எந்த முகத்தோடு கல்யாண மகாலில் ஏறுவது? கொல்லைக் கதவுக்குக் குறுக்கே ஒரு பனங்கட்டை போட்டிருக்கும். யாரும் பார்க்காதபோது அதைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு முனைகூட அசையவில்லை. அம்மாவே இரண்டு கையால் மூச்சுப் பிடித்துத்தான் தூக்குவாள். அசையாவிட்டாலும் நாளைக்கு அசைத்தே தீருவது என்று சாமிமேல் ஆணையிட்டேன். எந்தச் சாமிமேல் என்று சொல்லாமல் பார்த்துக்கொண்டேன்.

காலையில் நைனா பூட்டிக்கொண்டு போனார். மாமா முதல் நாளே வல்லத்தில் ஒரு சிநேகிதர் வீட்டுக்குப் போயிருந்தார். அம்மா, “தல வலிக்குது, கொஞ்சம் படுக்கறேன்” என்று முற்றத்துக்கு அந்தப் பக்கம் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். பகலில் அம்மா படுத்து நான் பார்த்ததே இல்லை. அதிர்ஷ்டம் நம் பக்கம் என்று நினைத்தேன். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனால், பனங்கட்டை சுவரில் சாய்த்து வைத்திருந்தது. கதவு வெறுமனே சாத்தியிருந்தது. நேற்று நான் உலுக்கிய உலுக்கலில் கட்டை ஆட்டம் கண்டு விழுந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். விழுந்த கட்டை எப்படிச் சுவரில் சாய்ந்து நிற்கும் என்று யோசிக்கிற வயதா அது?

தெருவில் பிள்ளைகள் எல்லாம் கோட்டையைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் பள்ளிக்கூடத்தைப் பார்த்து எதிரே ஓடினோம். பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் அம்மை குத்துகிற காக்கிச்சட்டைக்காரர் ஒருவர் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

“யாரு வூட்டுப் புள்ளைங்க? இன்னா வேணும்?”

“அம்ம குத்திக்கணும்,” என்றேன். “எனக்கு மொதல்ல.”

அவர் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுச் சட்டென்று வேலையை ஆரம்பித்தார், நான் மனசு மாறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதுபோல. தோளுக்குக் கீழே ஒரு சொட்டு மருந்தை வைத்து, சின்னச் சக்கரம் போன்ற ஒன்றை அழுத்தித் திருகினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. தம்பி அதைப் பார்த்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“வாடா.”

“மாட்டேன். அந்தப் பெரிய ஆளு போட்டுக்கினானா, அதச் சொல்லு.”

“போட்டுக்கினான்,” என்றேன். “அந்தப் பொண்ணு போட்டுக்கினதும், அவனும் வந்து போட்டுக்கினான். எல்லாரும் ஊருக்கு வந்துட்டாங்க. மாமா எங்கிட்ட மட்டும் சொன்னாரு.”

வாழ்க்கையில் நான் துணிந்து சொன்ன முதல் பொய் அது. தம்பி கையை நீட்டினான்.

நாலு நாளில் இருவருக்கும் கை வீங்கிக் காய்ச்சல் வந்தது. மறைக்க முடியவில்லை. நைனா எங்களை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலாம் என்றிருந்தது. மாமாவைக் கூப்பிட்டு, “கப்பல் கத சொல்லி எம் புள்ளைங்களக் கெடுத்துட்டியே” என்றார். மாமா தலையைக் குனிந்துகொண்டு, “தப்புத்தான்” என்றார். லீவு பாக்கி இருந்தும் அந்த வாரமே பெட்டியைக் கட்டினார்.

பிறகு நைனா அம்மாவைக் கேட்டார். “கொல்லக் கதவு எப்பிடித் தெறந்துது?”

அம்மா பதில் சொல்வதற்குள் நான் முன்னால் வந்தேன். “நான்தான் கட்டயத் தூக்கினேன்.”

நைனா போய் அந்தப் பனங்கட்டையைக் கையில் எடுத்தார். ஒருமுறை தூக்கி எடை பார்த்தார். என் கையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். “சரி” என்று மட்டும் சொல்லிக் கட்டையைப் பழையபடி கதவுக்குக் குறுக்கே போட்டார். நான் சொன்னதை நம்பிவிட்டார் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை.

அடுத்த வாரம் பக்கத்துத் தெருவில் அந்தப் பையன் போய்விட்டான். சேதி வந்த அன்று நைனா எங்கள் இருவரையும் கூப்பிட்டு, சட்டைக் கையை மேலே தூக்கி, காய்ந்துகொண்டிருந்த அந்தப் புண்ணை வெகுநேரம் பார்த்தார். அதற்கடுத்த தடவை அம்மை குத்துகிறவர்கள் வந்தபோது எங்கள் வாசல் பூட்டு ஆணியிலேயே தொங்கியது. நாங்கள் கல்யாண மகாலுக்கு விளையாடப் போகவே இல்லை. ஏழு பேர் இல்லாமல் கப்பல் ஓடாது.

மாமாவிடம் அந்தக் கதையைப் பற்றி நான் மறுபடி கேட்டது, அம்மாவுக்குக் காரியம் முடிந்த அன்றைக்குத்தான். எனக்கே அப்போது பேரப்பிள்ளை இருந்தான். முடிவைப் பார்க்காமல் ஓடிவந்தாயே, அப்புறமாவது யாரிடமாவது விசாரித்தாயா என்று கேட்டேன். மாமா சிரித்தார்.

“எனக்கு இன்னாம்மா தெரியும். கப்பலப் பாத்தேன், பாறையப் பாத்தேன். ஒருத்தன் மூஞ்சில கொப்பளம் பாத்தேன். அவ்ளோதான். ஊசி, பெரிய ஆளு எல்லாம் உங்கம்மா சேத்துப் போட்டது. அந்த ஏழு பேருல பொம்பளப் புள்ளையே கெடையாது. ‘ஒரு பொண்ணு இருக்கட்டும்டா, பத்து வயசுல’ன்னு உங்கம்மாதான் சொன்னா.”

நான் வலது கையால் இடது தோளைத் தொட்டுப் பார்த்தேன். தழும்பு இருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிவந்த அன்று அம்மா அதே சுவரைப் பார்த்து, அதே மாதிரி படுத்திருந்தாள். தூங்குகிறவளை ஏமாற்றிவிட்டோமே என்று எனக்குக் குற்றமாக இருந்தது. அதனால் நாலு நாள் அவள் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டு எழுந்தேன்.