கீழே போடாத சிமிழ்

என் பிறந்த வீட்டில் பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது வெள்ளிச் சிமிழ் தரமாட்டார்கள். மரக் கடைசல் பட்டறை வைத்திருக்கும் குடும்பம். பட்டறையிலேயே கடைந்து அரக்கு ஏற்றிய மரச் சிமிழில்தான் மஞ்சள் குங்குமம் வைத்து அனுப்புவார்கள். எங்கள் ஊர் முருகன் கோயில் மலையடிவாரக் கடைகளில் கொத்தாகத் தொங்கும் கட்டைவிரல் அளவுச் சிமிழ் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு கைகளிலும் ஏந்த வேண்டிய, மூடி போட்ட கிண்ணம் அது. சுவர் அப்பளம்போல மெல்லிசாக இருக்கும். அரக்கு ஏற்றுவதற்கு முன் பல்புக்கு எதிரே பிடித்தால், உள்ளே விட்ட விரல் நிழலாகத் தெரியும்.

எனக்கும் அப்படி ஒன்றை என் அண்ணன் கடைந்து கொடுத்தான். அதைப் பற்றிப் பாசமாகச் சொல்ல எனக்கு வராது.

நைனா, அதாவது எங்கள் அப்பா, போன பிறகு பட்டறை அண்ணன் கைக்கு வந்திருந்தது. அவன் கடைவான், நான் அரக்கு ஏற்றுவேன். மோட்டாரில் சுற்றும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால், உரசும் சூட்டிலேயே உருகி நிறம் பிடிக்கும். பிறகு தாழை மடலை வைத்துத் தேய்த்தால் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பு வரும். இந்த வேலையில் என் கை அண்ணன் கையை விடச் சுத்தம் என்று நைனாவே சொல்லியிருக்கிறார். தற்பெருமை இல்லை, பின்னால் வரப்போகும் பேச்சுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

எனக்கு ஆவணியில் கல்யாணம். அதற்கு முன்னால் வந்த ஆடிக் கிருத்திகைக் கூட்டத்துக்காகக் கடைக்காரர்கள் கேட்ட சரக்கையெல்லாம் அண்ணன் கடைந்து தள்ளியதில், பரணில் காய்ந்து கிடந்த மரம் முழுக்கத் தீர்ந்துவிட்டது. என் சிமிழுக்கு, ஆந்திராப் பக்கமிருந்து அப்போதுதான் வந்து இறங்கிய வெட்பாலைக் கட்டையை எடுத்தான். பச்சை மரம் உளிக்கு வெண்ணெய். சீவல் ரிப்பனாக நீளமாய் வரும், மெல்லிசாகக் கடைவதும் சுலபம். அவனுக்கு ஒரே குஷி. நான் அரக்குக் குச்சியை வைத்தேன். பிடிக்காமல் வழுக்கியது, பிடித்த இடத்தில் கொப்புளம் கட்டியது. சுண்டிப் பார்த்தால் மொத்தென்று சத்தம்.

"அண்ணா, மரம் இன்னும் ஈரமா கீது. அரக்கு பிடிக்கமாட்டேங்குது."

"கல்யாணப் பொண்ணுக்குப் பட்டறையில இன்னா வேல? கையெல்லாம் கறை பண்ணிகினு. போய் மருதாணி வெச்சிக்க, போ."

அவனே அரக்கு ஏற்றி முடித்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

நான் வாழ வந்தது அரக்கோணத்தில். மாமியார் அந்தச் சிமிழைப் பூஜை அலமாரியில் வைத்தார். பக்கத்தில் பிரிட்ஜ், அதன் அனல் நாள் முழுக்க அலமாரியில் அடிக்கும். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, ஒரு மத்தியானம் பட்டென்று சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் சிமிழ் அடியிலிருந்து வாய்வரை பிளந்து, குங்குமம் அலமாரித் தட்டில் வழிந்து கிடந்தது. மாமியார் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வந்தார்.

"ஏம்மா, இன்னா பண்ண இத?"

"நான் தொடவே இல்லீங்க அத்த. தானா வெடிச்சிடுச்சி."

"மஞ்ச குங்குமம் வெச்சது தானா வெடிக்குமா? வூட்டுக்கு இன்னா வரப்போவுதோ!"

அண்ணனுக்குப் போன் போனது. மறுநாளே ரயில் ஏறி வந்துவிட்டான். எனக்கு உயிர் வந்தது. மரத்தைப் பற்றிப் பேச அவனைவிட யார் இருக்கிறார்கள்?

சிமிழைக் கையில் வாங்கித் திருப்பினான். அவன் கட்டைவிரல் விரிசல் மேலேயே ஊர்ந்து அடிப்பாகத்துக்குப் போய், கட்டையின் நட்டநடுப் புள்ளியில் நின்றது. விரிசல் அங்கிருந்து கிளம்பியிருந்தால், ஈர மரம் காயும்போது இழுத்துப் பிளந்திருக்கிறது என்று அர்த்தம். கீழே விழுந்திருந்தால் விளிம்பு நசுங்கியிருக்கும், அரக்கு சில்லுசில்லாக உதிர்ந்திருக்கும். இந்தச் சிமிழில் விளிம்பு முழுசாக இருந்தது. எனக்கே தெரிகிறது, அவனுக்குத் தெரியாதா? அந்தப் புள்ளியில் விரலை வைத்துக்கொண்டேதான் சொன்னான்:

"சகுனம்லாம் ஒண்ணும் இல்ல அத்த. கீழ போட்டிருக்கா. சின்ன வயசுலருந்தே இவளுக்குக் கை நிக்காது."

"நான் போடல!" என்று கத்தினேன். வீட்டில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"பொய் வேறயா?" என்றார் மாமியார்.

அவனை வழியனுப்பப் போனபோது, ஏன் அப்படிச் சொன்னாய் என்று வாசலில் நிறுத்திக் கேட்டேன். "ராசியில்லாதவள்னு பேர் எடுக்குறதுக்கு இது எவ்ளோ மேல், தெரியுமா? உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்றான். 'மரம் ஈரம், தப்பு என்னுது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ராசிப் பேச்சும் வந்திருக்காது, நான் பொய்க்காரியும் ஆகியிருக்கமாட்டேன். அதை ஏன் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அவன் சரக்கை மொத்தமாக எடுக்கும் மலையடிவாரக் கடைக்காரர், என் மாமியாரின் சொந்தத் தம்பி. ஈர மரத்தில் கடைகிறான் என்ற பேச்சு சாயந்திரத்துக்குள் கடைக்குப் போயிருக்கும். தங்கை பேர் போனால் வியாபாரம் படுக்காது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எது உடைந்தாலும் நான்தான். பூனை தள்ளிய ஊறுகாய் ஜாடியும் என் கணக்கில்தான். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். என் மகன் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள், படி ஏறும்போது குழந்தையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நீ பாத்து ஏறி வா, கொயந்தைய கீழ போட்டுடப் போற" என்றார் மாமியார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நிஜமாகவே பயந்தார். அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

பிளந்த சிமிழைப் புடவைப் பெட்டியில் வைத்திருந்தேன். ஒருமுறை கணவரிடம் காட்டி, விளிம்பைப் பாருங்கள் என்றேன். "உடஞ்சத வெச்சிகினு இன்னா பண்றே?" என்று டிவியைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

போன வருஷம் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. "சிமிழுக்கு உன் கையாலதான் அரக்கு போடணும்" என்று கூப்பிட்டான். நடந்தது எதுவும் அவனுக்கு ஞாபகமே இல்லை. மறப்பதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும்போல. போனேன். பட்டறையில் கிண்ணத்தைக் கையில் வாங்கிச் சுண்டினேன். கணீரென்றது.

"அவ வயசுக்கு வந்த வருஷமே கட்டைய எடுத்துப் பரண்ல போட்டுட்டேன்" என்றான் பெருமையாக. "நல்லா காயலன்னா வெடிச்சிடும், பாரு."

யாரிடம் சொல்கிறோம் என்ற நினைப்புகூட இல்லாமல் சொன்னான். நான் அரக்குக் குச்சியை எடுத்தேன். அந்தப் பெண் மேல் எனக்கு என்ன கோபம்? என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல அரக்கு நான் ஏற்றியதில்லை.

மலைக் கோயிலில் தாலி கட்டி, கீழே மண்டபத்துக்கு வந்தோம். சீர்த்தட்டு கைமாறும்போது அண்ணன் சிமிழை எடுத்துப் பெண்ணின் மாமியாரிடம் கொடுத்தான். 

"சம்பந்தியம்மா, இது மரம். என்னைக்காச்சும் வெடிச்சாலும் வெடிக்கும். அப்டி ஆச்சுன்னா எம் பொண்ண ஒரு வார்த்த சொல்லிடாதீங்க. தப்பு கடஞ்சவன் மேலதான். எனக்கு ஒரு போன் போடுங்க, வேற கடஞ்சி எடுத்துகினு ஓடியாரேன்."

சுற்றி நின்றவர்கள் நெகிழ்ந்து போனார்கள். நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷம் நான் காத்திருந்த வார்த்தை அதுதான். ஒரு எழுத்து மாறாமல் அவனுக்குச் சொல்லத் தெரிந்திருக்கிறது.

என் மாமியார் மணப்பெண்ணின் கன்னத்தைத் தட்டினார். "பத்திரமா வெச்சிக்கடி. உங்க அத்த மாரி கீழ போட்டுடாத."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான்.

திரும்பும்போது ரயிலில் கணவர் கேட்டார். "மூஞ்சிய ஏன் அப்டி வெச்சினுகீற?"

"அன்னைக்கு அத நான் கீழ போடலீங்க."

"சரி, போடல. வுடு" என்றார், குழந்தையைச் சமாதானப்படுத்துவதுபோல.

தாம்பூலப் பை என் மடியில் இருந்தது. தேங்காயோடு ஆளுக்கொரு கண்ணாடிக் கிண்ணம் போட்டிருந்தார்கள். அரக்கோணம் வந்து எழுந்தபோது மாமியார் கையை நீட்டினார்.

"இப்டி குடும்மா, நான் எடுத்துகினு வரேன். உள்ள கண்ணாடி கீது."

கொடுத்துவிட்டேன்.