நுர்மத்தின் லாரிப் பட்டை

சூஸ்த் நகரில் கத்தி அடிக்கிற யாருக்கும் எகம்பெர்தியைத் தெரியும். முப்பது வருடமாக எங்கள் பட்டறைகளுக்குப் பழைய இரும்பு கொண்டுவருகிறவர். டிராக்டர் வால்வு, பேரிங் வளையம், லாரியின் பாரம் தாங்கும் வில்பட்டை எல்லாம் அவர் வண்டியில் கிடைக்கும். தனக்கென்று ஒரு கத்தி வாங்கியதில்லை. கேட்டால், "ரொட்டியைக் கையால பிச்சுத் திங்கிறவனுக்குக் கத்தி எதுக்கு உஸ்தா?" என்பார். கைதேர்ந்த கொல்லனை எங்கள் ஊரில் உஸ்தா என்றுதான் கூப்பிடுவார்கள்.

போன பனிக்காலத்தில் அவர் மகன் நுர்மத் லாரியோடு கணவாயில் உருண்டு இறந்தான். நாலு மாதம் கழித்துப் பேரன் பிறந்தான். குழந்தையைத் தொட்டிலில் போடும்போது தலையணைக்கு அடியில் கத்தி வைப்பது எங்கள் வழக்கம். அதற்காக எகம்பெர்தி அந்த லாரியின் பட்டைத் துண்டு ஒன்றை எடுத்துவந்தார். மிச்சமெல்லாம் ஆலைக்குப் போய் உருகிவிட்டது.

"இதுல ஒண்ணு அடிச்சுக் கொடுங்க உஸ்தா. அப்பன் பக்கத்துலயே இருக்கட்டும்."

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் என் கத்திக்குத் தாஷ்கண்டிலிருந்து ஆள் வரும். பழைய பட்டையை மற்ற கொல்லர்கள் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துடைத்து, சுண்ணாம்பு தடவிப் பார்ப்பார்கள். உள்ளே விரிசல் இருந்தால் ஈரக் கோடு தெரியும். அவர்களுக்கு அது தேவை. நான் சுத்தியலால் தட்டி ஓசையிலேயே சொல்லிவிடுவேன்.

தட்டினேன். கணீரென்றது.

"சுண்ணாம்பு தடவிப் பாக்கலையா?"

"எனக்கே பாடமா? போய் டீயைக் குடிய்யா."

இரண்டு நாளில் கத்தி உருவானது. உலையில் செர்ரிப்பழ நிறம் வந்தது, காந்தம் ஒட்டவில்லை. சரியான சூடு. வெதுவெதுப்பான பருத்திவிதை எண்ணெயில் முக்கினேன்.

'டிக்' என்றது. ஒரே ஒரு தரம்.

"என்ன சத்தம் அது?" என்று, அன்றைக்கும் வந்து உட்கார்ந்திருந்த எகம்பெர்தி எழுந்துவந்தார்.

துடைத்துப் பார்த்தேன். முதுகிலிருந்து வாய்வரை குறுக்கே இரண்டு கோடுகள். எத்தனை வருடப் பாரமோ, அன்றைக்கு உருண்டதோ, பட்டைக்குள் விரிசல் ஒளிந்திருந்தது.

"மறுபடி காய்ச்சி ஒட்டிடுங்க."

"ஒட்டாது, எகம்பெர்தி."

"சின்னதாவாவது ஒண்ணு?"

அதையும் செய்து பார்த்தேன். முதல் அடியிலேயே மூன்று துண்டாகிவிட்டது.

என் கத்திகளில் சிறந்ததை எடுத்து அவர் கையில் வைத்தேன். "இது உங்களோடது உஸ்தா" என்று பட்டடைமேல் வைத்துவிட்டு, மூன்று துண்டையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனார்.

அடுத்த வாரம் வழக்கம்போல இரும்போடு வந்தார். தொட்டில் விசேஷம் முடிந்திருந்தது. தலையணைக்கு அடியில் என்ன வைத்தார்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் இறக்கிய பட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றாகச் சுண்ணாம்பு தடவிப் பார்த்தேன்.