கவிழ்த்து வைத்த அம்மி

போன வாரம் கம்பம் ஊருக்கு மேலே, மலையில், பாழடைந்த ஒரு காப்பித் தோட்டத்தில் மண் சலித்துக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள்... ஆராய்ச்சி!

மதுரைக் கல்லூரியில் சரித்திரம் நடத்தும் பேராசிரியர் ஒருவர் அந்தத் தோட்டத்தைத் தோண்டிப் பார்க்கிறார். பாண்டியன் கோட்டையைத் தோண்டலாம். காய்ச்சலுக்குப் பயந்து கைவிட்ட எஸ்டேட்டைத் தோண்டுவார்களா? இவர் தோண்டுகிறார். வரைபடம் வரைய என்னை அழைத்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் — அழைத்தால் விடுவேனா?

துரையின் பங்களாவில் சோடாப் புட்டிகளும் உடைந்த பீங்கானும் கிடைத்தன.

“புதையல் வந்தா எனக்குப் பாதி!” என்றார் கடப்பாரை பிடித்த மாயாண்டி.

“உமக்குப் பாதிப் புட்டிதான் மாமா!” என்றாள் மண் சுமந்த பெண்ணொருத்தி.

மறுநாள் கூலிக்காரர்கள் குடியிருந்த லயன்களுக்கு வந்தோம். நான் பிறக்குமுன் அம்மாவும் அப்பாவும் இங்கேதான் காப்பிப் பழம் பறித்தார்கள். பழைய இடத்தைப் பார்க்க வேண்டுமென்று அம்மாவும் கூடவே ஏறி வந்திருந்தாள்.

ஒரு வீட்டின் பின்னால் அம்மி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. தோண்டும் இடத்தைக் குறிக்கப் பேராசிரியர் கட்டிய கயிறு அதன் மேலேதான் போனது. மாயாண்டி கடப்பாரையை அடியில் செருகினார்.

அம்மா ஓடிப்போய் அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

“இங்கன தோண்டாதீக சாமி.”

“ஏனம்மா? வெறும் அம்மிதானே?” என்றார் பேராசிரியர்.

“எம் பிள்ள கெடக்கான்.”

கைக்குழந்தை இறந்தால் எங்களவர்கள் சுடுகாட்டுக்குக் கொண்டுபோவதில்லை. வீட்டுக்குப் பின்னால் புதைத்து, நரி கிளறாமல் கனமான கல்லை வைப்பார்கள். அம்மாவிடம் இருந்த கனமான கல் அம்மி ஒன்றுதான். பிறகு எதில் அரைத்தாளோ...

எனக்கு ஓர் அண்ணன் பிறந்திருந்தான் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

“ஏம்மா சொல்லவே இல்ல?”

“சொல்லி என்ன ஆத்தா செய்ய? காச்சல்ல போயிட்டான். மறுநா விடியுமுன்ன கங்காணி வந்து வாசல்ல நின்னாக. கூடையத் தூக்கிட்டுப் போயிட்டேன்.”

பேராசிரியர் குனிந்து, தாமே கயிற்று முளைகளைப் பிடுங்கி, தள்ளி அடித்தார். “வரைபடத்தில் குறித்துவிடம்மா. இனி வருகிறவர்களும் இங்கே கை வைக்கக் கூடாது. குழந்தையின் பெயர்?”

அம்மாவிடம் கேட்டேன்.

“பேரு வைக்குமுன்னயே போயிட்டானே... பெரியவன்னு போடு.”

போட்டேன். பங்களா, கிடங்கு, லயன் என்றெல்லாம் எழுதிய அதே முத்துமுத்தான எழுத்தில்.

வீட்டுக்கு மூத்தவள் நான்தான் என்று, வாராவாரம் நான் எழுதும் இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை பெருமையடித்திருக்கிறேன். தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள் — நான் இரண்டாவது.