ஈரத் துண்டும் திண்டிவனத்துப் பூசையும்

யுத்த காலத்தில் என் அக்கா விஷக்காய்ச்சலில் பிழைத்து எழுந்தாள். அவள் பிழைத்தால் விழுப்புரத்திலிருந்து நடந்தே போய்த் திண்டிவனம் மாதா கோயிலில் நன்மை, அதாவது நற்கருணை, வாங்குவதாக நான் வேண்டியிருந்தேன். அக்காவும் கூடவே கிளம்பினாள். அந்த நாளில் நன்மை வாங்குகிறவர்கள் நள்ளிரவுக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீரும் குடிக்கக் கூடாது.

வழியில் படுத்திருந்து விடிந்ததும் நடந்தோம். வெயில் ஏறி ரோட்டுப் புழுதி சுட்டது. உள்ளங்காலில் எருக்கிலை வைத்துக் கட்டிக்கொண்டோம். போகப் போகக் கால் என்னுடையதாகவே இல்லை, வலியும் தெரியவில்லை. ஒரு ஏரியில் துண்டை நனைத்துத் தலையில் போட்டேன். வழிந்த தண்ணீர் உதட்டில் பட்டது.

"அக்கா, உள்ள போயிருக்குமோ?"

"முழுங்கினியா?"

"தெரியலியே."

"வேர்வையா இருக்கும், வாடா. காய்ச்சல்ல கெடந்தது நானு, பெனாத்திக்கினு வர்றது நீயா?"

பூசையில் மணி அடித்ததும் எல்லோரும் எழுந்து நன்மை வாங்கப் பீடத்தண்டை போனார்கள். அக்காவும் போனாள். நான் தூணோரம் முழங்காலிலேயே இருந்தேன். போகவும் பயம், போகாமலிருக்கவும் பயம். கொஞ்ச நேரத்தில் அந்தப் பயமும் மரத்துப்போயிற்று.

வெளியே அக்கா கிணற்றில் சேந்தி என் கையில் ஊற்றினாள். குடித்தேன், ருசியே தெரியவில்லை.

"நீ வாங்கலியே, அப்ப வேண்டுதலு?"

"மறுபடி நடந்து வரணும்."

"நீ நட. நான் பஸ்ஸுல வந்து, வாங்கறியான்னு பார்க்கறேன்."

மறு மாதம் நடந்துபோய் வாங்கினேன். சொன்னபடியே அவள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.