முழு வெள்ளைப் பன்றிகளும் லோ பிசென்னின் காதும்

சீனாவின் ரோங்சாங் பன்றிக்கு உடம்பெல்லாம் வெள்ளை, கண்ணைச் சுற்றி மட்டும் கறுப்பு. அந்தக் கறுப்பும் இல்லாமல் பிறப்பது பெரும்பாலும் செவிடு. அப்படிப்பட்டவற்றை ஆராய்ச்சிப் பண்ணையில் வளர்த்தார்கள். பன்றியின் உள்காது மனிதனுடையதைப் போலவே இருக்குமாம். தீனி போடுபவள் லோ பிசென். எவ்வளவு திட்டினாலும் கோபித்துக்கொள்ளாத ஜீவன்கள் என்பதால் அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

வீட்டில்தான் நிம்மதியில்லை. சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பெண்களோடு ஆடும் மாஜோங் என்ற கட்டையாட்டத்தில் ஒரு வருஷமாகத் தோல்வி. தோற்றவள் எல்லாருடைய கிண்ணத்தையும் கழுவ வேண்டும். மூளை மங்கிவிட்டது, இனி ஆட்டத்தை விட்டுவிட வேண்டியதுதான் என்று முடிவுகட்டினாள். மாஜோங் இல்லாத சாயங்காலத்தை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

"தோத்தா என்னடி, நீ வராம எங்களுக்கு ஆட்டமே ருசிக்காது" என்றாள் பக்கத்து வீட்டு பூ அக்கா. உருகிப்போனாள் பிசென்.

பண்ணையில் பன்றிகளின் காதை ஆராயும் டாக்டர் மோ ஒருநாள் பின்னாலிருந்து கூப்பிட்டார். பன்றிகளும் திரும்பவில்லை, பிசென்னும் திரும்பவில்லை. அவர் முன்னால் வந்து நின்றார்.

"அக்கா, உங்க காதையும் ஒருதடவை ஆஸ்பத்திரியில பாத்துடலாமா?"

"தம்பி, நீ மயக்க மருந்து குடுத்து, தலையில ஒயர் ஒட்டி, காதுல டிக்டிக்னு சத்தம் விட்டுப் பாத்த பன்னி ஒண்ணாவது கொட்டிலுக்குத் திரும்பி வந்திருக்கா?"

"உங்களுக்கு மயக்கம் வேண்டாம். ஒயர் மட்டும்தான். சாயங்காலமே வீட்டுக்குப் போயிடலாம்."

"பன்னி கிட்டயும் இதைத்தானே சொன்னே?"

ஆனாலும் போனாள். நகரத்து மருத்துவமனையில் மூளைக்கு ஒரு குறையும் இல்லை, காதுதான் மந்தம் என்றார்கள். கொடுத்த காது கேட்கும் கருவியை முடிக்குள் மறைத்துக்கொண்டு மாஜோங்கிற்கு உட்கார்ந்தாள்.

கட்டைகள் கலகலவென்று உருண்டன. பூ அக்கா முகத்தில் சலனமேயில்லாமல் எதிரே இருந்தவளிடம் சொன்னாள்:

"எனக்கு மூங்கில் மூணு போட்ட கட்டை வேணும். தள்ளிவிடு."

"இரு, பிசென் கையில என்ன இருக்குன்னு பாக்கறேன்" என்றாள் பக்கத்தில் இருந்தவள், எட்டிப் பார்த்தபடி. "மூங்கில் மூணு போட்ட கட்டை ரெண்டு இவகிட்டதான் இருக்கு."

பிசென் இரண்டையும் உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒரு வருஷக் கிண்ணங்கள் கண்முன் வந்துபோயின.

"என்னடி முணுமுணுக்கறீங்க? சத்தமாப் பேசுங்க, எனக்குத்தான் காது கேக்காதே" என்றாள்.

அன்றைக்குக் கிண்ணம் கழுவியது பூ அக்கா. கருவி இருப்பதை பிசென் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை, பன்றிகளைத் தவிர.