காரணம் எழுத இடமில்லாத அட்டை

1. பொன்னாடை போட்ட நாள்

அன்று ஹாலில் இருந்தவர்கள்:
கல்பனா மேடம், கிளப் நடத்துபவர்.
அவர் தங்கை வசந்தி, டீ ஊற்றிக் கொடுப்பவர்.
நடராசன், பேக்கரி வைத்திருப்பவர்.
கருவடிக்குப்பத்து டீச்சர்கள் இரண்டு பேர்.
புதிதாகச் சேரலாமா என்று பார்க்க வந்த பெண்கள் மூன்று பேர்.
செலின், குருசுக்குப்பத்தில் தையல் கடை வைத்திருப்பவர்.
எடை போடும் நான்.

உழவர்கரையில் பைப் கடைக்கு மேலே மாடி ஹால். எடை குறைக்கும் கிளப். மூலிகைப் பவுடர் டின்னும் ஸ்லிம் டீயும் விற்பார்கள். சனிக்கிழமை காலை ஆறரைக்கு எல்லோரும் வந்து மெஷினில் ஏறி நிற்க வேண்டும். நான் எண்ணைச் சத்தமாகப் படிப்பேன். குறைந்தால் எல்லோரும் கை தட்ட வேண்டும். கூடினால் யாரும் பேசக் கூடாது. அது கிளப் வழக்கம்.

செலின் ஏறினார். அறுபத்தெட்டு நானூறு என்று படித்தேன். சேர்ந்த நாளில் எழுபத்தெட்டு அறுநூறு. அது அவருக்குப் பதினோராவது சனிக்கிழமை. பத்துக் கிலோ தாண்டியவருக்குப் பொன்னாடை உண்டு. மேடம் போர்த்தினார்.

"பாத்துக்குங்க. மாத்திர இல்ல, ஜிம் இல்ல. வெறும் மூலிக."

நடராசன் சொன்னார்: "செலின் அக்கா, பீச் பக்கம் போவாதீங்க. காத்து தூக்கிக்கினு போயிடும்."

"உங்கள தூக்கணும்னா பொயலே வரணும் நடராசன். நீங்க தைரியமா போங்க."

எல்லோரும் சிரித்தார்கள். புதிதாக வந்த மூன்று பெண்களும் அன்றே சேர்ந்து டின் வாங்கினார்கள். நானும் கை தட்டினேன்.

செலின் அந்தப் பவுடரைக் குடிப்பதே இல்லை. அது அந்த ஹாலில் அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

2. மில்லில் கற்றது

நான் எட்டாவது வரை படித்தவன். இருபத்திரண்டு வருடம் பஞ்சு மில் குடோனில் எடை போட்டேன். பேல், அதாவது பஞ்சுக் கட்டு, வரும்போது ஒரு எடை, வெளியே போகும்போது ஒரு எடை. குறைந்திருந்தால் ஷார்ட்டேஜ் எவ்வளவு என்று எழுத வேண்டும். அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் காரணம் எழுத வேண்டும். ஈரம் காய்ந்தது. கட்டு பிரிந்தது. களவு. இதில் ஏதாவது ஒன்று. ஒருமுறை "தெரியவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். சூப்பர்வைசர் புக்கைத் திருப்பித் தள்ளினார்.

"தெரியலன்னா போய் தெரிஞ்சுக்கினு வா. அதுக்குத்தான் உனக்கு சம்பளம்."

பேலைக் கண்ணால் பார்த்தே எடை சொல்லப் பழகினேன். ஆளையும் சொல்லுவேன். ஒரு கிலோ முன்னே பின்னே இருக்கும்.

மில் மூடிய பிறகு சில வருடம் வாட்ச்மேன் வேலை பார்த்தேன். கல்பனா மேடம் எங்கள் தெரு. எடை போடத் தெரிந்த ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார். அதிகம் பேசாதவன் என்று எனக்குப் பெயர் இருந்தது. அதுவும் அவருக்குப் பிடித்திருந்தது.

கிளப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை. தேதி, எடை, எவ்வளவு குறைந்தது. நாலாவது கட்டத்தில் ஸ்டார். குறைந்த வாரத்துக்கு ஒரு தங்கக் கலர் ஸ்டார் ஒட்ட வேண்டும். காரணம் எழுதக் கட்டம் கிடையாது.

மேடத்தை நான் குறை சொல்லவில்லை. அவர் மனதார நம்பினார். காலையில் அவரும் அதே பவுடரைத்தான் குடித்தார். கொள்ளு, வெந்தயம், குடம்புளி, இன்னும் சில இலைகள். நடராசன் அதைக் குடித்துவிட்டுக் கடையில் பன் தின்றார். அவர் எடை இறங்கவில்லை. வாரா வாரம் பெல்ட்டைக் கழற்றுவார், சாவிக்கொத்தை வைப்பார்.

"வாட்ச்சும் கழட்டவா மாமா?"

"கழட்டு. அம்பது கிராம் வரும்."

3. செலின்

செலினுக்கு நாற்பத்தேழு வயது. மகன் பிரான்சில் வேலை பார்க்கிறான். வக்கான்ஸில், அதாவது லீவில் ஊருக்கு வரும்போது கல்யாணம். இங்கே கோயிலில்தான்.

முதல் நாள் மெஷினில் ஏறுவதற்கு முன் என்னிடம் கேட்டார். "பாத்தே சொல்லுவீங்களாமே அண்ணே. சொல்லுங்க பாப்போம்."

"எழுபத்தெட்டு."

ஏறினார். எழுபத்தெட்டு அறுநூறு. "அய்யோ, மாதாவே. கண்ணா அது, தராசா?"

மகன் கல்யாணத்துக்கு உடுத்தப் பட்டுப்புடவை எடுத்து பிளவுசும் தைத்து வைத்துவிட்டதாகச் சொன்னார். உடம்புக்கு நாற்பத்திரண்டு இஞ்சு வேண்டும். தைத்தது முப்பத்தெட்டு.

"பிளவுசுக்கு நான் எறங்கணும். அது எனக்கு ஏறாது" என்றார்.

ஐந்தாவது சனிக்கிழமை எடை போட்ட பிறகு மாடிப்படியில் என்னை நிறுத்தினார்.

"அண்ணே, ஒண்ணு சொன்னா மேடத்துக்கிட்ட சொல்ல மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"அந்த பவுடர நான் குடிக்கறதே இல்ல. மொத வாரம் ரெண்டு நாள் குடிச்சேன். வாயில வச்சாலே கொமட்டுது. டீயும் அப்படித்தான். டின்னு கட்டிங் டேபிள் கீழ கெடக்குது."

"அப்புறம் எப்படி எறங்குது?"

"அதான் தெரியல. நான் பாட்டுக்கு இருக்கேன், அது பாட்டுக்கு எறங்குது."

"சாப்பாடு?"

"ரெண்டு வாய்க்கு மேல போவ மாட்டேங்குது. நல்லதுதானே? மேடத்துக்கிட்ட சொல்லிடாதீங்க, மனசு கஷ்டப்படுவாங்க."

சரி என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை. தெரியல என்ற பதிலை மில்லில் யாரும் வாங்க மாட்டார்கள். நான் வாங்கிக்கொண்டேன்.

4. மற்ற சனிக்கிழமைகள்

வாரம் ஒரு கிலோவுக்கு மேல் இறங்கியது. மாதம் ஒரு டின் வாங்குவதை மட்டும் செலின் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மேடம் ஏன் என்று கேட்பார்.

பசியே இல்லை என்று ஒரு வாரம் சொன்னார். "அதான் மூலிக வேல செய்யுது" என்றார் மேடம். தையல் மிஷின் மிதிக்கக் கால் ஓயுது என்று சொன்னார். "கொழுப்பு கரையுது, அப்படித்தான் இருக்கும்." கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "நச்சு வெளிய போவுது." மூன்று பதிலையும் மேடம் உண்மை என்று நினைத்துச் சொன்னார். செலின் பவுடரைக் குடிக்கவில்லை என்பது அவருக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும். மூலிகை வேலை செய்யவில்லை என்றால் உள்ளே வேறு எது வேலை செய்கிறது? இந்தக் கேள்வி எனக்கு வராமல் இல்லை. வந்தது. சொல்லாதீங்க என்றாரே என்று இருந்துவிட்டேன். பொன்னாடை போட்ட வாரம் செலின் படத்தைப் பெரிதாக பிளெக்ஸ் அடித்து மாடிப்படியில் மாட்டினார்கள். அதற்குப் பிறகு சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

பதினாலாவது சனிக்கிழமை அறுபத்து நாலு நூறு. இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"பிளவுஸ் லூசாயிடுச்சு அண்ணே. பிடிக்கணும்."

"டாக்டர்கிட்ட காட்டும்மா."

அன்றுதான் சொன்னேன்.

"கல்யாணம் முடியட்டும் அண்ணே" என்றார். பின்னால் நடராசன் கை தட்டிக்கொண்டிருந்தார்.

5. அட்டை

அடுத்த சனிக்கிழமை செலின் வரவில்லை. செவ்வாய்க்கிழமை அவர் வீட்டுக்காரர் அந்துவான் போன் செய்தார். செலின் கடையில் மயங்கி விழுந்துவிட்டார், பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, எப்போதிலிருந்து இளைத்தார் என்று டாக்டர் கேட்கிறார், தன்னால் சொல்ல முடியவில்லை என்றார். அட்டையை எடுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். அட்டையை மேலிருந்து கீழே பார்த்தார்.

"யார் எழுதனது?"

"நான்தாம்மா."

"வாரா வாரம் சரியா எழுதியிருக்கீங்க."

"ஆமாம்மா."

"இப்படி எறங்குதே, ஏன்னு யாரும் கேக்கலியா?"

"ஒரு தரம் கேட்டேன். தெரியலன்னாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் கேக்கல."

அவர் என்னைத் திட்டவில்லை. வயிற்றில் கட்டி என்றார். பவுடர்தானா காரணம் என்று அந்துவான் கேட்டார். பவுடருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா செய்யறதுக்கு ஏதாவது இருந்திருக்கும் என்றார். அட்டையைப் போட்டோ எடுத்துக்கொண்டு என்னிடமே கொடுத்தார்.

மேடத்திடம் அன்றே எல்லாவற்றையும் சொன்னேன். படியில் உட்கார்ந்து அழுதார். பிறகு அவரே ஏணி போட்டு பிளெக்ஸைக் கழற்றினார்.

"மாமா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

சொல்லியிருக்கலாம். அதோடு அந்த வேலையை விட்டுவிட்டேன்.

6. கல்யாணம்

மகன் லீவைச் சீக்கிரமாகப் போட்டு வந்தான். கல்யாணம் நடந்தது. செலினைக் கோயிலில் முதல் வரிசைக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அதே பட்டுப்புடவை, அதே முப்பத்தெட்டு பிளவுஸ். முதுகுப் பக்கம் சேர்த்துப் பிடித்து வரிசையாக ஊக்கு குத்தியிருந்தார்கள். முந்தானையால் மறைத்திருந்தது.

பூசை முடிந்து பக்கத்தில் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, இப்ப எவ்ளோ இருப்பேன்? பாத்து சொல்லுங்க பாப்போம்."

பார்த்தவுடனே எனக்குத் தெரிந்தது. நாற்பத்தாறு.

"தெரியலம்மா" என்றேன்.

"பொய். தராசு கண்ணு உங்களுக்கு" என்று சிரித்தார்.

தவக்காலம் தொடங்கும் முன் செலின் அடக்கம் நடந்தது. போய் வந்தேன்.

7. எடை போடுபவர்களுக்கு

இப்போது தெருவுக்கு ஒரு கிளப் இருக்கிறது. எடை போடுபவர்கள் சின்னப் பிள்ளைகள். பவுடர் நல்லதா கெட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அதைப் படித்தவர்கள் சொல்லட்டும். எடை மட்டும் எனக்குத் தெரியும். குறைந்தால் ஏன் என்று கேளுங்கள். தெரியல என்றால் அன்றைக்கே டாக்டரிடம் அனுப்புங்கள். யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டாலும் வீட்டில் ஒருவருக்குச் சொல்லுங்கள். கை தட்டுவது அப்புறம்.

செலின் அட்டை என்னிடம்தான் இருக்கிறது. ஐந்தாவது வரி, அவர் மாடிப்படியில் என்னை நிறுத்திச் சொன்ன சனிக்கிழமை. அதற்குக் கீழே நான் ஒட்டிய ஸ்டார்களை எண்ணினேன்.

ஒன்பது.