வேண்டாம் என்று சொன்ன மொழி

கைபேசியில் ஒரு பெண்குரல், "நான் பால் குடிக்கிறேன்" என்று ஐரிஷில் சொல்கிறது. நானும் திருப்பிச் சொல்கிறேன். உடனே திரை முழுக்க வண்ணக் காகிதத் துண்டுகள் பறக்கின்றன. பால் குடித்ததற்கு இவ்வளவு பாராட்டு எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை. ஒஸ்லோவின் புறநகரான அம்மருட்டிலிருந்து வேலைக்குப் போகும் ரயிலில் தினமும் காலையில் இதுதான் கூத்து. பள்ளிக்கூடத்தில் ஐரிஷ் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவள், இப்போது பாலும் பாணும் ஆப்பிளுமாக அரிச்சுவடியிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.

தமிழ்க் கடையில் கண்ட ஒரு அக்கா, இதைப் படித்து ஆரோடை கதைக்கப் போகிறாய் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஒருவரோடும் இல்லை. எனக்கு வேண்டியது ஒரேயொரு வசனம். அதை நான் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். என்ன சொன்னேன் என்பது தெரியும், எந்தச் சொற்களில் சொன்னேன் என்பது மறந்துவிட்டது. மொழிபெயர்க்கும் இணையத்தளங்களிடம் கேட்டால் ஆளுக்கொன்று தந்தன. எதுவும் என் வாயில் ஒட்டவில்லை. சரி, அடியிலிருந்தே வருவோம் என்று முடிவெடுத்தேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் போய்ச் சேர்ந்தது அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊர். அப்பா அங்கே ஒரு ஹோட்டலில் சமையல் வேலை பார்த்தார். பள்ளிக்கூடத்தில் ஐரிஷ் கட்டாயம் என்பதால் நானும் தங்கச்சியும் படித்தோம். ஆங்கிலம் அப்பா அம்மாவுக்கு விளங்கும், ஐரிஷ் விளங்காது. ஆகவே வீட்டில் களவாகப் பேச எங்களுக்கு அது வாய்த்தது. அப்பாவின் கோபம், அம்மாவின் கஞ்சத்தனம் எல்லாவற்றையும் அவர்கள் முன்னாலேயே பேசிச் சிரிப்போம்.

ஒஸ்லோவிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பேச்செல்லாம் முன்பே முடிந்திருந்தது. என்னை ஒருவரும் கேட்கவில்லை. தங்கச்சி பிஸ்கட் தட்டோடு சுற்றி வந்து என் முன்னால் நின்றாள். பிஸ்கட் வேண்டுமா என்பது போல முகத்தை வைத்துக்கொண்டு, இந்தக் கலியாணம் உனக்கு வேணுமா என்று ஐரிஷில் கேட்டாள். எனக்கு வேண்டாம் என்று ஐரிஷில் சொன்னேன்.

பிஸ்கட்டைத்தான் வேண்டாம் என்கிறேன் என்று நினைத்து அம்மா, "ஒண்டெண்டாலும் எடு பிள்ளை" என்றார். எடுத்தேன்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இது என்ன பாஷை என்று விசாரித்துவிட்டு, "பிள்ளைக்குப் பாஷை கெதியாப் பிடிபடுது. அங்கை வந்தா நொஸ்க் ஒரு வருசத்திலை வந்திடும்" என்றார். என் மறுப்பு எனக்கே ஒரு தகுதியாகப் போய்ச் சேர்ந்தது. அவர் சொன்னது பொய்யுமில்லை. நோர்வேஜிய மொழி ஒரு வருசத்தில் வந்துவிட்டது. அது வர வர, மற்றது போய்க்கொண்டிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பாடம் தேநீருக்கு வந்தது. தேநீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு, வேண்டாம் என்று சொல்லச் சொன்னது. "நீல் மே எக் ஈரா." குரல் சொல்லி முடிக்குமுன் என் வாய் சொல்லி முடித்துவிட்டது. அதேதான். வழக்கம்போல வண்ணக் காகிதங்கள் பறந்தன.

உடனே அயர்லாந்திலேயே தங்கிவிட்ட தங்கச்சிக்குத் தொலைபேசி எடுத்து அந்த வசனத்தைச் சொன்னேன். மறந்திருப்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் மறக்கவில்லை. "ஓம், அதுதான்" என்றாள். பிறகு சொன்னாள்: "நீ அதைத் தமிழிலை சொல்லியிருக்கலாம், அக்கா. எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம்? நான் தட்டோடை நிண்ட சின்னப்பிள்ளை."

அவளுக்குக் கலியாணம் பேசி வந்தபோது அவள் தமிழில்தான் சொன்னாள், எல்லாரும் இருக்கிற கூடத்தில், சத்தமாக. அம்மா சில நாள் சாப்பிடாமல் கிடந்தார். பிறகு எழும்பிச் சாப்பிட்டார். அவள் தான் விரும்பியவரைக் கட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறாள். அவள்மீது எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் கோபம் இன்னும் கூடியது. நாளைக்குக் கதைக்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

பிறகு காதில் கருவியை மாட்டிக்கொண்டு பாடத்தை முதலிலிருந்து போட்டேன். என்னையறியாமல் உரத்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். சோபாவில் படுத்துச் செய்தி பார்த்துக்கொண்டிருந்த கணவர் தலையை நிமிர்த்தி, என்ன அது, திருப்பித் திருப்பி ஒன்றையே சொல்கிறீர் என்று கேட்டார். அவர் கெட்ட மனிசன் இல்லை. என்னை அடித்ததில்லை, ஏசியதில்லை. எதையும் என்னிடம் கேட்டதுமில்லை. அன்றைக்குத்தான் கேட்டார்.

எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். "தேத்தண்ணி வேண்டாம் எண்டு சொல்லுறது" என்றேன்.

"உமக்கு வேண்டாமெண்டா விடும். எனக்கு ஒண்டு போடும்" என்றார்.

நான் எழும்பி, அவர் முகத்துக்கு நேரே நின்று, அந்த வசனத்தை இன்னொரு தடவை பிழையில்லாமல் சொன்னேன். அவர் சிரித்து, "வடிவாச் சொல்லுறீர்" என்றார். நான் போய்க் கேத்திலில் தண்ணீர் வைத்தேன்.